மாத்திரையை நிறுத்தியதும் நான்தான்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. அதிலும் ஒரு வருஷம் வாத்தியார் வரவில்லை. ஆலத்தியூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கூலிக்குக் கல் உடைத்தவன், நாற்பது வயதுக்குள் சொந்தமாக இரண்டு சுண்ணாம்புக் காளவாய் போட்டேன். கல் ஏற்ற ஒரு பழைய லாரி வாங்கினேன். அதன் என்ஜினைப் பார்த்த மெக்கானிக், இது திருச்சி வரைக்கும்கூடப் போகாது என்றான். ஒன்பது வருஷம் ஓடியது. லாரி ஒன்று ஆறானது. குரும்பலூர் ரோட்டில் தண்ணீரே கிடையாது என்று மூன்று பேர் கைவிட்ட நிலத்தை வாங்கி போர் போட்டேன். தண்ணீர் பீறிட்டு வந்து மிஷின்காரன் சட்டையெல்லாம் நனைந்தது. தா.பழூரில் என் மாமனார் எந்தத் தெருவில் வைத்து எனக்குப் பெண் கிடையாது என்று சொன்னாரோ, அதே தெருவில் நெல் மில் வைத்தேன். அரியலூரில் மாடி வீடு கட்டினேன். ஒரே மகனை என்ஜினீயர் ஆக்கினேன். எனக்குக் கைகொடுக்க அண்ணன் தம்பி என்று யாரும் மிஞ்சவில்லை.

இதையெல்லாம் யாரும் மறுப்பதில்லை. கல்யாண வீடுகளில் என்னை முன்வரிசையில்தான் உட்கார வைக்கிறார்கள். ஆனால் நான் செய்ததிலேயே பெரிய வேலை இவற்றில் எதுவும் இல்லை. பிழைப்பது கஷ்டம் என்று சொல்லப்பட்ட என் மனைவியை ஒன்பது வருஷமாக உயிரோடு வைத்திருக்கிறேன். அதை மட்டும் ஒருவர்கூட என் பெயரைச் சொல்லிச் சொல்வதில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பெரம்பலூரைத் தனி மாவட்டமாக்கி மூன்று வருஷம் ஆகியிருக்கும். அவளுக்கு மூக்கில் பொருக்கு கட்ட ஆரம்பித்தது. சீந்தினால் ரத்தத்தோடு வரும். காது அடைத்தது. பிறகு இருமல், சாயங்காலக் காய்ச்சல், முட்டிக்கு முட்டி வலி. ஆள் கரைந்துகொண்டே போனாள். திருச்சியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மார்புப் படத்தில் இரண்டு ஓட்டை மாதிரித் தெரிகிறது, இது டி.பி. என்றார். சளியில் கிருமி தெரியவில்லையே என்று கேட்டதற்கு, எல்லாருக்கும் தெரியாது என்றார்.

டி.பி. என்றால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று தெரியுமல்லவா. வெளியில் சொல்லவில்லை. குரும்பலூரில் இருக்கும் அவளுடைய அக்காவுக்கு மட்டும் தெரியும். அந்த அம்மாள் வந்து இறங்கியதும் என்னைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் ஒங்க காளவாத் தூசிதான் தம்பி. கல்லு வித்து வூடு கட்டுனீங்க. அந்தக் கல்லு இவ நெஞ்சுல போயி உக்காந்துருக்கு."

"அந்தத் தூசியில நிக்கிறவன் நானுங்க்கா. எனக்குல்ல வந்துருக்கணும்" என்றேன்.

"ஒங்களுக்கு எப்புடி வரும். ஒங்க வாயி தொறந்தபடியே இருக்கு, உள்ள போறதெல்லாம் பேச்சோட வெளிய வந்துடுது."

என் மனைவி காய்ச்சலிலும் அதற்குச் சிரித்தாள்.

டி.பி. மாத்திரையை ஒருநாள் தவறாமல் நானே என் கையால் கொடுத்தேன். சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம், பயப்பட வேண்டாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் பயப்படவில்லை. மூன்றாம் மாதம் அந்தச் சிவப்பு கறுத்து, கழுவின கறித் தண்ணீர் மாதிரி ஆனது. அப்போதும் மாத்திரை என்றே நினைத்துக்கொண்டோம். அது ரத்தம். கிட்னி உள்ளே நைந்துகொண்டிருந்தது. டீசலில் தண்ணீர் கலந்திருந்தால் மூடியைத் திறந்ததும் சொல்லிவிடுகிற எனக்கு அது தெரியவில்லை. நினைத்தால் இன்றைக்கும் என்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஒருநாள் வாசலில் நடந்து வந்தவளின் வலது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை. பாதம் தொங்கிப்போயிருந்தது. கெண்டைக்காலில் ஊதாப் புள்ளிகள். இது டி.பி. இல்லை என்று முதலில் சொன்னது எந்த டாக்டரும் இல்லை, நான். திருச்சி டாக்டர், கோர்ஸை முடியுங்கள் என்றார். முடிக்கட்டும் என்று அவளுடைய அக்காவும் சொன்னாள். நான் காரை எடுத்துக்கொண்டு சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம்.

அங்கே ஒரு டாக்டரம்மா. என் மகனைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார். ரத்தம் எடுத்தார்கள், முதுகு வழியாக ஊசி விட்டு கிட்னியில் ஒரு துணுக்கு எடுத்தார்கள். நாலாம் நாள் என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

"இது ரத்தக்குழாய் அழற்சிங்க. உடம்பைக் காப்பாத்த இருக்கிற சக்தி, திசை மாறி, சொந்த ரத்தக்குழாயையே புண்ணாக்குது. மூக்கு, நுரையீரல், நரம்பு, கிட்னின்னு எங்க வேணா போகும்."

"எதனாலங்க வந்துச்சு?"

"தெரியாதுங்க."

"தூசியாலயா?"

"தூசியாலன்னு சொல்லவும் முடியாது, இல்லன்னு சொல்லவும் முடியாது."

இப்படி ஒரு பதிலை என் வாழ்நாளில் யாரிடமும் வாங்கியதில்லை. கல் லோடு வண்டியில் ஏறி நின்றால், எடை மேடைக்குப் போகும் முன்னே இத்தனை டன் என்று சொல்லுகிறவன் நான். ஆகையால் நேராகக் கேட்டேன். "பத்து பேருக்கு இந்த நோவு வந்தா எத்தன பேரு தப்பிக்கிறாங்க? அத மட்டும் சொல்லுங்க."

அவர் சொல்லவில்லை. மருந்து இல்லாத காலத்தில் வருஷம் திரும்புவதற்குள் பெரும்பாலும் போய்விடுவார்கள், இப்போது மருந்து இருப்பதால் பெரும்பாலும் பிழைக்கிறார்கள் என்றார். அந்தப் பெரும்பாலும் எவ்வளவு என்றேன். விரலை விட்டு ஐந்து விஷயம் சொன்னார். சிறுநீரில் புரதம் நிறையப் போகிறதா, கிட்னி கெட்டு ரத்தத்தில் உப்பு ஏறியிருக்கிறதா, இருதயத்தைத் தொட்டிருக்கிறதா, குடலைத் தொட்டிருக்கிறதா, மூளையைத் தொட்டிருக்கிறதா.

"இதுல எத்தனை இருக்கோ அத்தனைக்கு ஆபத்து கூட. ஒங்க வூட்டம்மாவுக்கு முதல் ரெண்டும் இருக்கு. மத்த மூணும் இல்ல."

"அப்ப அஞ்சுக்கு ரெண்டு போச்சு, மூணு பங்கு பொழப்பான்னு வச்சுக்கலாமா?"

"அப்படிக் கணக்குப் போடக் கூடாதுங்க ஐயா. அது கூட்டத்துக்குச் சொல்றது. தனி ஆளுக்குச் சொல்ல முடியாது."

கூட்டத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. எனக்கு இருப்பது ஒருத்தி.

கடைசியாக ஒன்று சொன்னார். அதை நான் மறக்கவில்லை, மறந்ததுபோல நடந்துகொண்டேன் என்பது வேறு. "முதல் வருஷம்தான் கண்டம். ஒரு பக்கம் நோய். இன்னொரு பக்கம் மருந்து. இந்த மருந்து எதிர்ப்புச் சக்திய அமுக்கும், அதனால சாதாரணத் தொத்து நோய்கூட ஆளைக் கொண்டுபோயிடும். நோயில போறவங்கள விடத் தொத்துல போறவங்கதான் எனக்குப் பயம். இந்தச் சின்ன வெள்ளை மாத்திரைய மட்டும் ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. திடீர்னு நிறுத்துனா உடம்பு தாங்காது." ஆங்கிலத்தில் ஏதோ எழுதி ஓர் அட்டை கொடுத்தார். எந்த ஊரில் என்ன ஆனாலும் முதலில் இதைக் காட்டுங்கள் என்றார்.

மாதம் ஒரு தடவை சென்னைக்குப் போய் டிரிப் ஏற்றிக்கொண்டு வந்தோம். முடி கொட்டியது. முகம் உப்பி வட்டமானது. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டாள். ஆனால் காய்ச்சல் போனது, இருமல் போனது, பாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வந்தது.

அந்த ஆஸ்பத்திரி லேபில் இருந்த ஓர் அம்மா எனக்கு ஒரு வேலை கற்றுக்கொடுத்தார். காலையில் முதல் சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் முக்கால் அளவு பிடித்து, மேல்பக்கத்தை ஸ்பிரிட் விளக்கில் காட்ட வேண்டும். கொதிக்கும்போது வெள்ளையாகத் திரிந்தால் வினிகர் இரண்டு சொட்டு விட வேண்டும். கரைந்துவிட்டால் பயமில்லை. கரையாமல் நின்றால் புரதம் போகிறது என்று அர்த்தம், கிட்னியில் நோய் திரும்புகிறது. இதில் எனக்கு என்ன கஷ்டம். கல்லில் ஆசிட் சொட்டு விட்டு, நுரைக்கிற விதத்தில் தரம் சொன்னவன் நான். அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், பின்கட்டில் விளக்கு ஏற்றினேன்.

"ஊரெல்லாம் செவ்வா வெள்ளி சாமிக்கு வெளக்கு ஏத்துது. எங்க வூட்டுல இதுக்கு ஏத்துறாங்க" என்பாள்.

"பேசாம இரு. தெளிவா இருக்கு."

"லாரிக்கு ஆயில் பாக்குற மாதிரில்ல பாக்குறீங்க. ஆயில் மாத்தணும்னா சொல்லுங்க, மாத்திக்கிடுறேன்."

இப்போது மாத்திரை நின்ற அந்தப் பங்குனிக்கு வருகிறேன். ஏழு டிரிப் முடிந்திருந்தது. ஒருநாள் காலையில் அவள் கழுத்திலும் முதுகிலும் நீர்க் கொப்புளம். அக்கா ஏற்கெனவே வீட்டில் இருந்தாள். பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆத்தா வந்துருக்கா. இனிமே இந்த வூட்டுல தாளிக்கக் கூடாது. மருந்து மாத்திர ஒண்ணும் உள்ள போகக் கூடாது. தண்ணி ஊத்துற வரைக்கும் யாரும் ஊரு எல்லையத் தாண்டக் கூடாது."

வாசலில் வேப்பிலை செருகியது அவள். மாத்திரை டப்பாக்களை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டியது நான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு ஒரு தம்பி இருந்தான். ஐந்து வயதில் அம்மையில் போனான். மருந்துக்காரனிடம் வாங்கி ஒரு வேளை கொடுத்தார்கள், அதனால்தான் ஆத்தா கோபித்துக்கொண்டு எடுத்துக்கொண்டாள் என்று சொல்லிச் சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். டாக்டரம்மா சொன்னதும் காதில் இருந்தது, அதுவும் காதில் இருந்தது. எனக்குத் தம்பியின் முகம் தெரிந்தது. பூட்டிவிட்டேன்.

அவள் கேட்டாள். "அந்த வெள்ள மாத்திரைய மட்டுமாச்சும் குடுங்களேன். அந்தம்மா நிறுத்தக் கூடாதுன்னாங்கல்ல."

"மூணு நாள்ல ஒண்ணும் ஆயிடாது. ஆத்தாளுக்கு அடங்கித்தான் போவணும்" என்றேன் நான். என் வாயால் சொன்னேன்.

முதல் நாள் கொப்புளம் பெருகியது. இரண்டாம் நாள் வாந்தி. மூன்றாம் நாள் மதியம் அவளைக் கூப்பிட்டால் கண் திறக்கிறாள், ஆனால் யாரைப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை. கையெல்லாம் ஜில்லென்று இருந்தது. அக்கா, ஆத்தா இறங்குகிற நேரம் அப்படித்தான் இருக்கும் என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல்காரியின் கை ஏன் இப்படிக் குளிர்கிறது என்று யோசித்தேன். என்ஜின் சூடாகி நிற்பது வேறு, எண்ணெய் இல்லாமல் நிற்பது வேறு. இது எண்ணெய் இல்லாமல் நிற்பது. எண்ணெயை எடுத்துப் பூட்டி வைத்தவன் நான்.

எழுந்து காரை எடுக்கச் சொன்னேன். டிரைவர் மூன்று அடி தள்ளி நின்றான். "அம்மை போட்டவங்கள ஏத்தக் கூடாதுங்க மொதலாளி. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

"சாவிய வச்சுட்டுப் போ" என்றேன்.

அக்கா வாசலில் கை விரித்து நின்றாள். "தம்பி, எல்லை தாண்டுனா ஆத்தா விடமாட்டா. இவ செத்தா ஒங்க தலையிலதான் விடியும்."

"ஆமாங்க்கா. என் தலையிலதான். நகருங்க."

தூக்கிப் பின்சீட்டில் போட்டு நானே ஓட்டினேன். பெரம்பலூர் வரை அந்த ரோட்டில் ஒவ்வொரு பள்ளமும் எனக்குத் தெரியும். அத்தனையும் என் லாரிகள் போட்ட பள்ளம். பெரம்பலூரில் தெரிந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே நர்ஸ், என் மனைவியின் புடவையில் ஒட்டியிருந்த வேப்பிலையைப் பார்த்துவிட்டு உள்ளே விடத் தயங்கினாள். நான் அட்டையை எடுத்து டாக்டர் முகத்துக்கு நேரே நீட்டினேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு வாசிக்கத் தெரியாது. என்ன செய்யச் சொல்கிறது என்று தெரியும். அவர் வாசித்தார். பிரஷர் பார்த்தார், முகம் மாறியது. "எத்தனை நாளாச்சு நிறுத்தி?" மூன்று நாள் என்றேன். அந்த வெள்ளை மாத்திரையின் மருந்தையே ஊசியில் ஏற்றி, சலைன் இரண்டு பக்கமும் ஓடவிட்டு, டாக்டரம்மாவிடம் போனில் பேசினார். ஒரு மணி நேரத்தில் என் மனைவி என் பெயரைச் சொன்னாள். மற்ற நாளில் என் பெயரைச் சொல்லவே மாட்டாள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் சென்னை. அம்மைக்கு என்று ஊசி இருப்பதே எனக்கு அங்கேதான் தெரிந்தது. பதினாறு நாள். பிழைத்தாள்.

மகன் பெங்களூரிலிருந்து வந்து வார்டு வாசலிலேயே கேட்டான். "மூணு நாள் மாத்திரை இல்லாம எப்படிப்பா இருந்தாங்க? நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" நான் கஞ்சித் தூக்கோடு வார்டுக்குள் போய்விட்டேன். வீட்டுக்கு வந்ததும் அக்கா ஆத்தாளுக்குக் கூழ் ஊற்றினாள். எல்லை தாண்டியும் ஆத்தா மன்னித்துவிட்டாளாம். மகன் டாக்டரம்மாவுக்குப் பழக்கூடை கொடுத்தான். கூழும் ஊற்றட்டும், கூடையும் கொடுக்கட்டும். கார்ச் சாவியை எடுத்தவனுக்கு ஒரு வார்த்தை உண்டா?

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. நாலு வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை குழாயில் வெள்ளை திரிந்தது. வினிகர் விட்டேன், கரையவில்லை. இன்னொரு தடவை பிடித்துவரச் சொல்லிக் காய்ச்சினேன். அதே வெள்ளை. அவளுக்கு ஒரு வலியும் இல்லை, அன்றைக்குத்தான் முறுக்கு சுட்டிருந்தாள்.

"நல்லா இருக்கேங்க. ஒங்களுக்கு வேற வேல இல்ல."

"கெளம்பு."

"அடுத்த மாசம் செக்கப்பு இருக்குல்ல?"

"அடுத்த மாசம் வரைக்கும் இந்த வெள்ளை ஒனக்காக நிக்காது. கெளம்பு."

டாக்டரம்மா பார்த்துவிட்டு, ஒரு மாதம் தாமதித்திருந்தால் கிட்னி போயிருக்கும், டயாலிசிஸில்தான் நின்றிருக்கும் என்றார். அதை என்னிடம்தான் சொன்னார். கேட்க வேறு யாரும் அந்த அறையில் இல்லை. அதுதான் என் அதிர்ஷ்டம்.

இந்த வருஷம், அரியலூரைத் திரும்பவும் தனி மாவட்டமாகப் பிரிக்கப்போகிறார்கள் என்று ஊரில் வெடி போட்டுக்கொண்டிருந்தபோது, நாங்கள் சென்னையில் இருந்தோம். டாக்டரம்மா அவளை ஒரு வகுப்புக்கு வரச் சொல்லியிருந்தார். இத்தனை வருஷம் பிழைத்திருப்பவரை இளம் டாக்டர்கள் பார்க்க வேண்டுமாம். பதினைந்து பேர் இருப்பார்கள். இவள் பட்டுப்புடவை கட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்குக் கடைசியில் ஒரு ஸ்டூல். ஓர் இளைஞர் கோப்பைப் பார்த்து ஆங்கிலத்தில் வாசித்தார். வாசிக்கும்போது எல்லாரும் ஒரு இடத்தில் தலையை ஆட்டினார்கள். பக்கத்திலிருந்த பெண்ணிடம், என்னம்மா சொல்றாங்க என்றேன்.

"முதல் வருஷம் பேஷன்ட் தானாவே மாத்திரைய நிறுத்திட்டாங்களாம் சார். உயிருக்கு ஆபத்தாகி, வைத்தியத்துல சரியாயிட்டாங்கன்னு இருக்கு. நாலு வருஷம் கழிச்சு நோய் திரும்பியிருக்கு. வழக்கமான பரிசோதனையில கண்டுபிடிச்சிருக்காங்க."

என்னால் ஸ்டூலில் உட்கார முடியவில்லை.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்தேன். "தானா நிறுத்துனன்னு எவன் எழுதுனான்?"

அவள் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். "நான்தான் சொன்னேன். கண்ணு முழிச்ச அன்னிக்கு டாக்டரம்மா கேட்டாங்க, யாரு நிறுத்துனதுன்னு. நானேதான்னு சொல்லிட்டேன்."

"ஏன்டி?"

"அந்தம்மா அவ்வளவு கோவமா இருந்தாங்க. ஒங்க பேரச் சொன்னா ஒங்கள வார்டுப் பக்கமே விடமாட்டாங்கன்னு தோணுச்சு. அப்பறம் எனக்கு யாரு கஞ்சி கொண்டாந்து குடுப்பா? எங்க அக்காளா?"

எட்டு வருஷம் இதை என்னிடம் சொல்லவில்லை. மகனும் டாக்டரம்மாவும் அவளைத்தான், படிப்பில்லாத பொம்பளை, சொன்னதைக் கேட்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு செக்கப்பிலும் டாக்டரம்மா இவளிடம் விரலை ஆட்டி, நிறுத்தக் கூடாது, நிறுத்தக் கூடாது என்று திட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்ப உள்ளே போனேன். டாக்டரம்மாவிடம் அந்த இரண்டு வரியையும் மாற்றச் சொன்னேன். அவர் சிரித்து, பழைய கோப்பைத் திருத்தக் கூடாதுங்க ஐயா, அது விதி என்றார். திருத்த வேண்டாம், கீழே ஒரு வரி சேர்க்கலாமே என்றேன். பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்னவென்று பத்து ஆபீஸ் ஏறி இறங்கின எனக்குத் தெரியும்.

அதனால் இங்கே எழுதுகிறேன். அந்தப் பதினைந்து பிள்ளைகளும் தப்பாகப் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாளைக்கு ஒரு பொம்பளை மாத்திரை நின்று வந்தால் அவளைத் திட்டுவார்கள். பீரோ சாவி யார் இடுப்பில் இருக்கிறது என்று கேட்கமாட்டார்கள். எனவே அந்தக் கோப்பில் நான் சொல்கிறபடி எழுத வேண்டும். நோயாளி மாத்திரையை நிறுத்தவில்லை, கேட்டாள். பூட்டியவன் கணவன். எல்லை தாண்டிக் காரோட்டிக் கொண்டுவந்தவனும் அவனே. நோய் திரும்பியது எந்த வழக்கமான பரிசோதனையிலும் தெரியவில்லை. மூன்றாம் வகுப்பு படித்த ஒருவன் பின்கட்டில் விளக்கு வைத்துக் கண்டுபிடித்தான். பழியையும் சேர்த்தே என் பெயரில் எழுதட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எழுத வேண்டும்.